விற்றுப்போன தொடை எலும்பு

அன்புள்ள மருமகளுக்கு, குழாய்க் கடை மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

போன வாரம் நீ சாப்பிடப் போன நேரத்தில் உன் தொடை எலும்பை விற்றுவிட்டேன். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். (வேறு யாராவது பிரித்துப் படித்தால் பயப்பட வேண்டாம்: அது மண்ணுக்குள் கல்லாகிப்போன ஆதிமனித எலும்பின் பிளாஸ்டர் வார்ப்பு.)

தப்பில் உனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. குழாய் விற்கிறவனிடம், "மாமா, எலும்பும் உங்க குழாய் மாதிரிதான். பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சுவர் தடிக்கும். அதை வச்சே ஆள் நடந்தானா, மரம் ஏறினானான்னு கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அதைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகலாமா? கட்டட ஒப்பந்தக்காரர் வந்து, "என்னண்ணே இது?" என்றார். நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அசந்துபோய் விலை கேட்டார். விலை கேட்டவரிடம் சொல்லாமல் இருக்க என் வாய்க்குத் தெரியாது. எலும்போடு வண்டியேறியவர் போனையும் எடுக்கவில்லை. நீ வந்து, "மூணு மணிக்குப் பேச்சு மாமா, இது நல்லா அமைஞ்சாதான் என் வேலை நிரந்தரம்" என்றபோது என் காலில்தான் எலும்பு இல்லாமல் போயிற்று.

என்னை மேலும் கீழும் பார்த்தாய். "கிளம்புங்க. எலும்புக்குப் பதில் நீங்க."

அத்தனை படித்தவர்கள் முன்னால் கால்சட்டையை மடித்து என்னை நடக்கவிட்டு, "தொடை எலும்பு இடுப்பிலிருந்து உள்பக்கமா சாய்ஞ்சு முட்டிக்கு வருது, பாருங்க. அதனால ஒத்தக் கால்ல நின்னாலும் பாரம் பாதத்து மேல விழுது. அந்தப் பழைய எலும்பிலயும் இதே சாய்வு. சிம்பன்சிக்கு இது கிடையாது, ரெண்டு கால்ல நடந்தா ஆடும்" என்றாய். ஆடிக் காட்டச் சொன்னாய், ஆடினேன். முன்வரிசையில் கடுகடுவென்றிருந்த உன் துறைத் தலைவர், சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே எழுந்து, தானும் ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். வாங்குகிற முகம் எனக்குத் தெரியாதா? உன் வேலை உறுதி என்று அப்போதே புரிந்துவிட்டது.

சரக்கைத் தொலைத்தவனையே சரக்காக்கிக் கரையேறினாய். வீட்டிலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "பிரமாதமா பேசினாளாமே!" என்று உன் அத்தை பூரிக்கிறாள், எலும்பு விற்ற கதை அவளுக்கு இன்னும் தெரியாது. ஒப்பந்தக்காரரைப் பிடித்து வார்ப்பைத் திரும்ப வாங்கிவிட்டேன், பார்சலில் வருகிறது. இனி உன் வேலையில் உன்னைக் கேட்காமல் நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். சத்தியம்.

நீயும் என் மகனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் ஒரு கல்லூரி முதல்வர் கடைக்கு வந்தார். அடுத்த மாதம் அவர்கள் மண்டபத்தில் நீ பேசுகிறாய், நான் நடக்கிறேன். போக வர வண்டியும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மனித நடை இலவசம், குரங்கு நடைக்கு மட்டும் தனிக் கூலி. ஒப்புக்கொண்டுவிட்டேன்.