ஸ்பானியர் கடையில் எனக்குக் கிடைத்த கஞ்சி

ஒரே சாப்பாட்டுக் கடையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுந்த இரண்டு பேரைத் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தால், இரண்டு வேறு கடைகளைப் பற்றிச் சொல்வார்கள். ரங்கூனில் பொட்டடாங் துறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பானியர் நடத்திய சின்னக் கடையைப் பற்றி என்னைக் கேட்டால், அங்கே போவதைவிட அறையில் பட்டினி கிடப்பது மேல் என்பேன். என் அண்ணனைக் கேட்டால், பர்மாவுக்கு வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டது அங்கேதான் என்பார். அவரை இனிமேல் கேட்க முடியாது. அதனால் இரண்டு கட்சிக்கும் நானே வக்கீலாக வேண்டியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். என் முதல் கோட்டும் அவர் தைத்துக் கொடுத்ததுதான். (தோள் பக்கம் கொஞ்சம் பெரிது. உத்தியோகம் உயர உயரத் தோளும் அகலமாகும் என்று சமாதானம் சொன்னார். இரண்டும் நடக்கவில்லை.) அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவர்தான். நாங்கள் இருவரும் தமிழ்க் குமாஸ்தாக்களுக்கான ஒரு மெஸ்ஸில் தங்கிச் சாப்பிட்டு வந்தோம்.

அந்த வருஷம் அண்ணனுடைய விரல்களில் வெள்ளை வெள்ளையாகப் படை தோன்றியது. பிறகு உதட்டோரத்திலும் வந்தது. டாக்டரிடம் போனோம். தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான், யாருக்கும் ஒட்டாது என்று அவர் திட்டமாகச் சொன்னார். அதை நான் மெஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து அண்ணனுடைய இலை பந்தியின் கோடியில், வாசற்படி ஓரமாகப் போய்விட்டது. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சாம்பார் வாளி எல்லோர் முன்னாலும் நிதானமாக நடந்து வரும். அவர் இலைக்கு வந்ததும் ஓட்டம் பிடிக்கும். நான் என் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போய் உன் இடத்தில் உட்கார் என்று அவரே விரட்டிவிட்டார். அந்த வெக்கையிலும் கோட்டுக் கையை விரல் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார். கடைசியில் ஒரு நாள், ஊருக்கே போய்விடுவதாகச் சொல்லிக் கப்பலுக்குச் சீட்டும் வாங்கிவிட்டார். ஊரில் எங்களுக்கு இருந்தது நாகப்பட்டினத்தில் ஒரு பூட்டின வீடு மட்டும்.

அவரைத் தடுக்க வேண்டும். ரங்கூனுக்கு வெளியே இன்சீனில் ஓர் அறை பார்த்து வைத்தேன். இருவரும் அங்கே போய்ச் சமைத்துச் சாப்பிடலாம். நான் ரயிலில் ஆபீசுக்கு வந்து போகலாம். இதைச் சொல்வதற்கு மெஸ் சரிப்படாது. கப்பல் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நம்மவர்கள் எவரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடி அந்த ஸ்பானியர் கடைக்கு அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் மணிலா வழியாக வந்த பழைய கப்பல் சமையற்காரர். பீப்பாய் போன்ற உடம்பு. பேசுவது உடைந்த பர்மியம். அவருடைய மனைவி மா சீன் என்ற பர்மியப் பெண்தான் பரிமாறுவாள். மேஜைகள் மொத்தமே நாலைந்து இருக்கும். அன்றைக்கு எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அண்ணன் பழக்கப்படி மூலை மேஜையில் உட்கார்ந்து கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பந்திச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பரிமாற வருகிறவரைப் பார்த்ததும் “போதும், போதும்” என்று இரண்டு கையாலும் இலையை மறைக்க வேண்டும். அவர் கேட்காமல் கையை விலக்கி, விரல் இடுக்கிலாவது ஒரு கரண்டி விட்டுப் போக வேண்டும். மறைக்காதவன் காணாததைக் கண்டவன். வற்புறுத்தாதவன் மகா கருமி. நான் மரியாதை தெரிந்த பிள்ளை. அதுவும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

முதலில் மீனும் பூண்டும் போட்ட சூப் வந்தது. வாசனையிலேயே என் வயிறு எழுந்து நின்றது. மா சீன் கரண்டியை என் தட்டருகே கொண்டு வந்தாள். நான் இரண்டு கையாலும் தட்டை மறைத்து, பர்மிய மொழியில் போதும் என்றேன். அவள் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனோ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூப் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று அவள் கேட்டதற்கும் தலையாட்டினார். (அண்ணனுக்கு நாசூக்கு மறந்துவிட்டதே என்று நான் கொஞ்சம் கூச்சப்பட்டேன்!) அடுத்து, எண்ணெயில் பொரித்த மீன் வந்தது. இந்த முறையாவது வற்புறுத்துவார்கள் என்று நம்பி மறுபடியும் கையால் மறைத்தேன். மீன் எனக்கு நேரே வந்து, என் மூக்கை விசாரித்துவிட்டு, அண்ணன் தட்டுக்குப் போயிற்று. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொன்ன வாயால் வேண்டும் என்று சொல்வது எப்படி? பசி ஒரு பக்கம் இழுக்க, கௌரவம் மறுபக்கம் இழுக்க, நான் ஜன்னல் வழியாக டிராம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சீன் அறையைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த பிரசங்கம் அத்தனையும் அடிவயிற்றில் கரைந்துகொண்டிருந்தது.

அப்புறம் கடைக்காரரே ஒரு பெரிய இரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோசைக்கல்லுக்கு இரண்டு காது வைத்தது போல இருந்தது. நிறைய மஞ்சள் சோறு, மேலே இறால். அதை மேஜையின் நடுவில் வைத்தார். தனித்தட்டு எதுவும் வைக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்து, அண்ணன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, தாம் ஒன்றை எடுத்துக்கொண்டார். கரண்டியை வாங்க மேஜைக்கு மேலே வந்த அண்ணனுடைய கையை அவர் நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டுச் சோற்றின் நடுவே கரண்டியால் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் அண்ணனுடையது, அந்தப் பக்கம் தம்முடையது. பிறகு தம் பக்கத்து இறால்களை ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டித் தள்ள ஆரம்பித்தார்.

“சாபா, அகோ, சாபா,” என்றாள் மா சீன். சாப்பிடுங்கள் அண்ணா என்று அர்த்தம்.

எனக்கு மட்டும் கரண்டி வரவில்லை. ஏனென்று சீக்கிரமே தெரிந்தது. மா சீன் உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, மேஜையின் கோடியில், எனக்கு முன்னால் தனியாக வைத்தாள். கஞ்சி! உப்புக்கூடப் பார்த்துப் போட்ட கஞ்சி. கணவனும் மனைவியும் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சூப்பும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்கிற இந்தப் பையனுக்கு ஏதோ வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். உன் தம்பிக்கு எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று அண்ணனிடம் அவள் பரிதாபமாக விசாரித்தாள்.

அண்ணன் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்க்கிறேன். கடைக்காரரும் விஷயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அண்ணன் கோட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். நான் நோயாளிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஓரத்தில் கஞ்சி குடித்தேன். அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நிற்காமல் இருக்கும் என்றால் இன்னும் ஒரு கிண்ணம் கொடு என்று கேட்டிருப்பேன்.

திரும்பி நடக்கும்போது, உனக்கு என்னடா கேடு, ஏன் எல்லாவற்றையும் வேண்டாம் என்றாய் என்று கேட்டார். மரியாதைக்குச் சொன்னேன், நீங்கள்தான் ஒரு தடவைகூட மறுக்கவில்லையே என்றேன்.

“எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சுடா தம்பி. மெஸ்ல நான் போதும்னு சொன்னா அதோட போயிடுறாங்க. ரெண்டாந்தரம் யாரும் கேக்கிறதில்ல.”

அதற்குப் பிறகு இன்சீன் அறையைப் பற்றி எப்படிப் பேசுவது? மறுநாள் கப்பல் துறையில் ஏணிப்படி ஓரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன். இருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. பந்திச் சட்டப்படி கையை விலக்கி விலக்கிக் கேட்டேன். ரயில் வசதியைச் சொன்னேன், அடுப்புகூட வாங்கிவிட்டதாகப் பொய் சொன்னேன், அழவும் செய்தேன். கூலிகள் மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

“உனக்குப் பொண்ணு பாக்கற நேரம். நான் கூட இருந்தா வாசல்லேயே திரும்பிடுவாங்க,” என்றார். பிறகு என் கோட்டுத் தோளைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்: “நேத்து ஒரு வேளை மனுஷங்களோட ஒக்காந்து, ஒரே தட்டுல சாப்பிட்டாச்சு. போதும்டா. இது உன்னோட போதும் இல்ல, நெசமாவே போதும்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கப்பல் போய்விட்டது.

அவர் சொன்னபடியே எனக்குக் கல்யாணம் நடந்தது. நாகப்பட்டினத்து வீட்டில் தாமே பொங்கித் தாமே சாப்பிட்டுக்கொண்டு, மூன்று வருஷம் போல அவர் இருந்தார். செய்தி வந்து, லீவு கிடைத்து நான் ஊருக்குப் போனபோது அந்த வீடு மறுபடியும் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டார் சாவி கொடுத்தார்கள். சமையலறையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவிக்கு ஸ்பானியர் கடைக் கதையை நான் சொன்னது பெரிய தப்பு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது உபசாரத்துக்குப் போதும் என்று கையால் மறைத்தால், “கஞ்சி வைக்கட்டுமா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். பேரப்பிள்ளைகள் தட்டைத் தட்டிச் சிரிப்பார்கள். மாப்பிள்ளைகூட இப்போது தட்டை மறைப்பதில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனாலும் கரண்டி என் கையில் இருந்தால் நான் ஒரு தடவையோடு விடுவதில்லை. போதும் என்பார்கள், மறுபடி கேட்பேன். நிஜமாகவே போதும் என்பார்கள். அதற்குப் பிறகும் கேட்பேன். வயிறு நிறைந்தவர்களுக்கு இது பெரிய தொந்தரவு என்று என் மனைவி கோபித்துக்கொள்வாள். தொந்தரவுதான். என்னால் விட முடியவில்லை.