அடி பிழை என்ற சிமியோன் மேசன்

திருநெல்வேலிச் சிமியோன் மேசன், தன் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் சாருஜாவுக்குப் பன்னீராயிரம் ரூபாய் கடன்பட்டவர். வாடகைக்காரி வீட்டுக்காரருக்குக் கடன்படுவதுதான் ஊர்வழக்கம், இது மறுவளம். காரணம், சிமியோன் 'அடி பிழை' இனத்தவர்.

இந்த இனத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுவர் வெடித்தாலும், சோறு குழைந்தாலும், கனடா மருமகன் போன் எடுக்காமல் விட்டாலும், குனிந்து, நிலத்தைத் தட்டி, காதைச் சாய்த்து, கண்ணை மூடி, "அடி பிழை" என்று தீர்ப்புச் சொல்வார்கள். சிமியோன் அஞ்சாம் வகுப்போடு சாந்துக் கரண்டி பிடித்து இருபத்தேழு மாடிவீடுகள் கட்டியவர். பிழையான அடியெல்லாம் மற்றவர்கள் போட்டது.

சாருஜா பல்கலைக்கழகத்தில் கிராபீன் ஆராய்பவள். பென்சில் கரியை ஓரணுத் தடிப்புக்கு உரித்தால் வரும் தாள் அது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா?

"அதைக் கண்ணாடி மாதிரிச் சிலிக்கன் தகடு ஒண்டிலை வைச்சுத்தான் அளக்கிறம் அங்கிள். தகடு சொரசொரப்பெண்டால் மேலை மின்சாரம் தடுமாறும். வழுவழுப்பெண்டால் ஓடும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"நான் நாப்பது வருசமாச் சொல்லுறன் பிள்ளை!" என்று துள்ளிய சிமியோன், மேசையில் இருந்த தகட்டை, தரையில் பதித்த ரைல்ஸுக்கு அடியில் வெற்றாய்ப் பொள்ளலோ என்று பார்ப்பதுபோல், ஐந்து ரூபாய் நாணயக் குற்றியால் தட்டினார். டிக். டிக். மூன்றாவது டிக்கில் தகடு இரண்டு.

"ஐயோ அங்கிள்!"

"பாத்தியே? அடி பிழை."

வெள்ளிக்கிழமை அளக்கும் கருவியில் அவளுடைய முறை. தவறினால் நாலு மாதம் காத்திருக்கவேணும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் புதுத் தகடு எடுப்பிக்கப் பன்னீராயிரம் வேணும். வாடகையில் கழிப்போமென்றால், ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே கட்டிவிட்டாள். தினமும் கேட்டாள். திங்கள் வந்த பதில், "தகடு பிழை." செவ்வாய், "தகடு பாவம், மேசை ஆடுது." புதன், ரசமட்டத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, "மேசையும் சரி. நிலம் சரிவு!"

சாருஜா பேனையும் தாளும் நீட்டினாள்.

"அப்ப அதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ."

"ஏன் பிள்ளை?"

"என்ரை பேராசிரியருக்குக் காட்ட. அவர் உங்களிட்டைத்தான் வீடு கட்டக் குடுக்கப் போறாராம். இந்த நிலம் ஆர் போட்டது அங்கிள்?"

சிமியோன் ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். அவர் போட்ட நிலம், அவர் போட்ட அத்திவாரம். அதற்கும் கீழே பூமி மட்டும்தான்.

சிரிக்கிறீர்களோ? உங்கள் மகன் கணக்கில் கோட்டை விட்டபோது, "சின்ன வகுப்பிலை அடி சரியாப் போடேல்லை" என்று சொன்னது ஆராம்?

"நிலம் மட்டம்," என்றார் சிமியோன். "ஒண்டும் எழுதத் தேவையில்லை." பிறகு சட்டைப் பையைத் திறந்து, ஆயிரம், இரண்டாயிரம் என்று வாய்விட்டு எண்ணி, பன்னிரண்டாவது தாளை இரண்டாய் இருக்குமோ என்று உரசிப் பார்த்து, அவளுடைய விரித்த கையில் வைத்தார்.