அறுபது தப்புக்கு அறுபது கூத்து

தப்பான விடைக்கு எங்கள் ராங்கு கொடுத்த மரியாதையை இந்தப் பூமியில் வேறு யாரும் கொடுத்ததில்லை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை என்று அடக்கமாக எழுதலாம். ஆனால் ராங்கு விஷயத்தில் அடக்கம் பொய்யாகிவிடும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் வருகைப் பதிவேட்டிலேயே 'ராங்கு', அதாவது தப்பு, என்று எழுதிப் பழகிவிட்டதால் அது எனக்கு மறந்துவிட்டது. ராயபுரத்துக்காரர், நாற்பது வயது, உரத்த குரல். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டதை, மாநிலத்தில் முதலாவதாக வந்தவர் சொல்வது போல நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அப்புறம் எப்படியோ கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எங்கள் அலுவலகம் காலடிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும், பிரவுசரில் ஓடுகிற சின்னச் சின்னப் பாட விளையாட்டுகள் செய்து கொடுப்போம். கல்பனா மேடம் முதலாளி. கேள்விகளை எழுதுவது நான். இன்னும் இரண்டு பேர். கன்டெய்னர் லாரி போனால் மேஜையில் இருக்கும் மானிட்டர்கள் எல்லாம் ஒருமுறை தலையாட்டும்.

வேலை கேட்டு வந்த அன்றைக்கு, ஒரு வினாடி வினா செய்து காட்டச் சொன்னார் மேடம். இந்தியாவின் தலைநகரம் எது? 'டெல்லி' என்று அமுக்கினால் ஒரு பச்சை டிக், அவ்வளவுதான். 'காலடிப்பேட்டை' என்று அமுக்கினால் பார்லிமென்ட் கட்டடம் ஷேர் ஆட்டோவில் ஏறி, ஏழு பேருக்கு நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, காலடிப்பேட்டை வந்து, இறங்க இடம் கிடைக்காமல் அப்படியே திரும்பிப் போகும்! மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேலையும் கொடுத்தார். அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

முதல் நாளே எங்கள் பழைய விளையாட்டுகளைத் திறந்து பார்த்தார். தப்பு விடைக்குச் சிவப்புப் பெருக்கல் குறியும் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தமும் வைத்திருந்தோம்.

"இன்னா மாமு இது? கொயந்த மூஞ்சில செவப்பு மைய ஊத்திகினு கீற?" என்றார் என்னிடம்.

"தப்பு போட்டா வேற என்னங்க காட்டுறது?"

"ரைட்டு போட்டவனுக்கு சந்தோஷம் உள்ளயே கீது. அவனுக்கு நாம இன்னாத்துக்கு? தப்பு போட்டவனுக்குத்தான் ஆள் வோணும்!"

இதை அவர் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது வாய்ப்பாட்டு விளையாட்டு வந்தபோதுதான் புரிந்தது. பல பள்ளிகள் நடத்தும் ஒரு டிரஸ்ட் அதைக் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் அவர்களுடைய எல்லாப் பள்ளிகளுக்கும் எல்லாப் பாடத்துக்கும் நாங்கள்தான். பிடிக்காவிட்டால்? "இது வரலைன்னா அப்புறம் இந்த ஆபீஸ் இல்ல" என்று மேடம் நேராகவே சொல்லிவிட்டார். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் ஏற்கெனவே கழன்றுகொண்டிருந்தார்கள்.

விளையாட்டு எளிமையானது. துறைமுகம், ஒரு கிரேன், ஒரு கப்பல். ஏழெட்டு எத்தனை என்று கேட்கும். நான்கு எண்கள் எழுதிய நான்கு கன்டெய்னர்கள் இருக்கும். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் கிரேன் அதைக் கப்பலில் ஏற்றும். ஒரு 'டிங்'. கப்பல் கிளம்பிவிடும். இதை ராங்கு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

மீதி இரண்டு மாதம் தப்புக்குப் போயிற்று. இருபது கேள்வி, கேள்விக்கு மூன்று தப்பு விடை, ஆக அறுபது தப்பு. அறுபதுக்கும் அறுபது கூத்து! ஒன்றில் கன்டெய்னர் திறந்து ஆடுகள் ஓடிவந்து கேப்டனின் தொப்பியைத் தின்னும். ஒன்றில் கிரேன் கன்டெய்னருக்குப் பதில் கேப்டனின் லுங்கியைத் தூக்கும். கூத்து முடிந்ததும் கிரேன் சரியான பெட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும்.

ஆட்டுச் சத்தத்துக்காகப் புளியந்தோப்பில் ஆடுகள் வந்திறங்கும் இடத்துக்குப் போனார் ராங்கு. சாயங்காலம் வரை ஒரு ஆடும் வாயைத் திறக்கவில்லை. பொறுமை இழந்து இவரே கத்தினார், ஒன்று பதில் சொன்னது. பதிவில் இருக்கும் இரண்டு குரல்களில் எது ஆடு என்று எங்களால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேப்டன் கடலில் விழும்போது கேட்கும் 'ஐயய்யோ' கீழே இருந்த லேத் பட்டறைக்காரருடையது. ராங்கு முன்கூட்டிச் சொல்லாமல் அவர் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பதிவு செய்தார். பட்டறைக்காரர் துரத்திக்கொண்டு வந்த சத்தமும் வீண்போகவில்லை. அது பதினாலாம் கேள்விக்கு.

எம்.கே.பி. நகரில் டிரஸ்டின் பள்ளி ஒன்றில் வெள்ளோட்டம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். பின்னால் வகுப்பு டீச்சரும், டிரஸ்டின் பள்ளிகளை நிர்வகிக்கும் கரெஸ்பாண்டென்ட்டும். இவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதே அளவுக்கு இஸ்திரி போட்ட முகம். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. ஐயோ, அந்தச் சிரிப்பு! பிள்ளைகள் மேஜையைத் தட்டுகிறார்கள், நாற்காலியில் ஏறுகிறார்கள், "என்னுது ஆடு! உன்னுது லுங்கி!" என்று கூவுகிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்போது டீச்சர் ஒவ்வொரு திரையாகப் பார்த்து மதிப்பெண்ணை வாசிக்க ஆரம்பித்தார்.

"பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். ஒண்ணு. பூஜ்யம்..."

ஒன்று வாங்கிய பையன் அழுதுகொண்டிருந்தான். கை தவறிச் சரியான விடையை அமுக்கிவிட்டானாம், ஒரு கூத்து போயிற்றாம்.

கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் ஐந்து வாங்கியிருந்தாள்.

"இந்த ஒரு பொண்ணுதான் ஒழுங்கா படிச்சிருக்கு. எல்லாரும் கை தட்டுங்க" என்றார் கரெஸ்பாண்டென்ட். தட்டினார்கள். அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "மத்தவங்க பூஜ்யம். இதுக்கு ரெண்டு மாசமா?"

மேடத்தின் பிடி இறுகியது. ராங்குவோ பூஜ்யம் வாங்கிய ஒருவனைக் கூப்பிட்டார்.

"நைனா, ஏழெட்டு எத்தினி?"

"ஐம்பத்தாறு."

"அப்பால இன்னாத்துக்கு ஐம்பத்தினாலு போட்ட?"

"ஐம்பத்தாறு போட்டா கப்பல் போயிடும் சார். ஆடு வராது!"

கரெஸ்பாண்டென்ட் புருவத்தைத் தூக்கினார். ராங்கு அவரைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "சார், கண்ண மூடிக்கினு, ஒண்ணுலேந்து நாலு வரிக்கும் ஏதோ ஒரு கீய அமுக்கு சார். இருவது தபா."

என்ன தோன்றியதோ, மனிதர் அமுக்கினார். ஆறு மதிப்பெண் வந்தது.

"பாத்தியா சார்! குருட்டாம்போக்குல அமுக்குனாலே அஞ்சாறு வந்து தொலையும். ஜீரோ வாங்கணும்னா இருவதும் தெரிஞ்சிருக்கணும்! உன் பசங்க அத்தினி பேரும் கில்லாடி சார்!"

"பூஜ்யம் வாங்க என்னய்யா கஷ்டம்?" என்று கண்ணைத் திறந்துகொண்டு மறுபடி ஆடினார் கரெஸ்பாண்டென்ட். பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்றாக இருக்கவே முடியாது என்று நம்பி அதை அமுக்கினார். 'டிங்' என்றது. கப்பல் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் இஸ்திரி கலைந்து அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, எடுத்துக்கறோம்" என்றார். "ஒரு சின்ன மாத்தம். இந்த ஆடு, லுங்கி எல்லாத்தையும் சரியான விடைக்குப் போடுங்க. தப்புக்குச் சிவப்பு இன்ட்டு போதும்."

நியாயம்தானே! மேடம் தலையாட்டத் தொடங்கிவிட்டார். நானும்தான்.

"அது ஆவாது சார்" என்றார் ராங்கு.

டிரஸ்டின் ஆர்டர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. ராங்கு கரெஸ்பாண்டென்ட்டை ஓரமாக, நான் நின்ற பக்கம் அழைத்து வந்தார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சார், அந்தக் கடைசி பாப்பா. கைதட்டு வாங்கிச்சே. கண்ண மூடிக்கினு நீ ஆறு. அது கண்ண தொறந்துகினே அஞ்சு. அதுக்கு ஒண்ணியும் தெரியல சார். நீ ஆட்ட ரைட்டுக்குப் போட்டா மத்த பசங்களுக்கு ஆடு வரும். இதுக்கு இன்னா வரும்? பதினஞ்சு தபா செவப்பு."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பெண் தனியாக இன்னொரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். கேப்டன் கடலில் விழுந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கிரேன் சரியான பெட்டியைத் தூக்கிக் காட்டியபோது, அந்த எண்ணை உதடசைத்துப் படித்தாள்.

"கிளாஸ்ல அவ வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்ல சார்" என்றார் டீச்சர் மெதுவாக.

கரெஸ்பாண்டென்ட் அவளுடைய அடுத்த விடையையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆடு அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

லேத் பட்டறை மாடியில் அன்றைக்கு நாங்கள் ஆடிய ஆட்டத்தில் கீழே மிஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து பார்த்தார்கள்! எனக்குள் மட்டும் ஒரு குறுகுறுப்பு. நான்கு வருடமாகக் குழந்தைகளுக்குக் கேள்வி எழுதியவன் நான். தப்பு விடை என்பது எனக்கு நிரப்ப வேண்டிய மூன்று கட்டம், அவ்வளவுதான். அதை அமுக்கப்போகிற குழந்தையை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை, கதை எழுதுகிறேன். எழுதியதைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பும் நாட்களில் ராங்குவுக்குப் போன் போடுவேன். "இன்னா மாமு, புட்டுக்கிச்சா? சோக்கா சொல்லு, எப்டி புட்டுக்கிச்சு?" என்று அவர் ஆவலோடு கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வாய்ப்பாடு தெரியாமல் பெஞ்சு மேல் நின்ற வயதில் இந்த மனிதர் எனக்குக் கிடைக்கவில்லை, இப்போதாவது கிடைத்தாரே.