நூற்றுப் பன்னிரண்டு ஆரஞ்சு மேல்சட்டைகள்

ஏரிக்கரையிலிருந்து ஐம்பதடி தள்ளியிருக்கும் தெருவில் மனிதர்கள் வசிக்கிறார்களா என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு எழுந்த ஆண்டு அது. அந்தத் தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருந்த தையல்காரிக்கு அப்படியொரு சந்தேகம் அதுவரை வந்ததில்லை.

ஏரியில் வாத்து சுட அனுமதி கொடுத்த மூன்றாம் நாள், ஓர் ஈயக்குண்டு பால்கனிக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து துணி பீரோவில் பதிந்தது. பால்கனியே கதியென்று கிடக்கும் நான்கு வயது மகள் நல்லவேளையாக அப்போது அங்கே இல்லை. பொத்தானை விழுங்கப் பார்த்ததற்காக உள்ளே திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அன்று முதல் பால்கனிக்குப் பூட்டு விழுந்தது. குழந்தை தையல் மெஷினுக்கு அடியில் குடித்தனம் நடத்தியது.

தையல்காரி குண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வேட்டை அனுமதி அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி குண்டைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார். மக்கள் வசிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் வேட்டை கூடாது என்ற விதியையும் அவரே மனமுவந்து எடுத்துச் சொன்னார்.

“ஆனா உங்க தெருவுல மக்கள் வசிக்கலையேம்மா.”

“நான் வசிக்கிறேனே சார்.”

“வேட்டை நேரத்துல வெளிய ஆள் தென்பட்டாத்தான் மக்கள் வசிக்கிற பகுதி. நாங்க பார்த்தோம். ஒருத்தரும் இல்ல.”

“சுடுறாங்க சார். எப்படி வெளிய வர்றது?”

“அது உங்க சொந்த விருப்பம்மா.”

நேரில் வந்து எண்ணுங்கள் என்றாள். வேட்டை நடக்கும் இடத்துக்கு ஊழியர்களை அனுப்பக் கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறதாம், உயிருக்கு ஆபத்தாம். ஆகவே அலுவலக மொட்டைமாடியிலிருந்து பைனாகுலரில் எண்ணுவதென்றும், குடியிருப்போர் அனைவரும் தூரத்திலிருந்து தெரியும்வண்ணம் ஆரஞ்சு நிற மேல்சட்டை அணிந்து ஒத்துழைக்க வேண்டுமென்றும் உத்தரவாயிற்று.

பத்து நாள் மெஷின் ஓயவில்லை. உயிர் பிழைத்தால் போதும், எப்படித் தைத்தாலும் சரி என்றுதான் தெருவே முதலில் சொன்னது. அளவெடுக்க ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. எதிர்வீட்டுப் பல் டாக்டர், வேட்டைக்காரர்கள் போடுவதுபோல் தோளில் பட்டை வேண்டும், அதுதான் எடுப்பாக இருக்கும் என்றார். அவருக்குத் தைத்ததைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் பட்டை தேவைப்பட்டது.

கணக்கெடுப்பு நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் மொட்டைமாடிகளில் ஏறி நின்றார்கள். தையல்காரி மகளுக்கும் குட்டியாக ஒன்று மாட்டி, இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாத்துகள் கிளம்பின, வெடிச்சத்தம் கேட்டது. ஆனாலும் ஒருவரும் குனியவில்லை. குனிந்தால் எண்ணிக்கையில் வராமல் போய்விடுமே.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. “மேற்படி தெருவில் குடியிருப்போர் எவரும் காணப்படவில்லை. மாறாக, விதிப்படி தோளில் பட்டை வைத்த ஆரஞ்சு மேல்சட்டை அணிந்த வேட்டைக்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் காணப்பட்டனர். மக்களின் இப்பேரார்வத்தைக் கருத்திற்கொண்டு வேட்டைக்காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது.” கூடவே ஆளுக்கொரு லைசென்ஸ் இணைத்திருந்தார்கள். மகளுடையதில் மட்டும், வயது கருதி, சிறு பறவைகள் என்று போட்டிருந்தது.

தையல்காரி காகிதங்களோடு எதிர்வீட்டுக்கு ஓடினாள். பல் டாக்டர் மேல்சட்டையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார்.

“அநியாயம்தான்க்கா. மேல்முறையீடு போட்டே ஆகணும், முதல் கையெழுத்து என்னோடது,” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுக்குள்ள இதுல தோட்டா வைக்க ரெண்டு பை வச்சுத் தர்றீங்களா? லைசென்ஸ்தான் சும்மா கிடக்குதே.”

அவள் வீடு திரும்பியபோது வாசலில் ஏழு பேர் மேல்சட்டையோடு காத்திருந்தார்கள்.

மெஷினுக்கு அடியிலிருந்து மகள் தலையை நீட்டி, பால்கனிக்குப் போகலாமா என்று கேட்டாள்.

“இன்னும் மூணு மாசம்டா கண்ணு,” என்று சொல்லிவிட்டு, தையல்காரி ஆரஞ்சு நூலை ஊசியில் கோத்தாள்.