காத்துச் சட்டைக்கு ஒரு கையெழுத்து

"எறங்குங்கண்ணா," என்றாள் லோகப்பிரியா.

தம்பிதுரை இறங்கவில்லை. தொட்டியின் விளிம்பில் இருந்த இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் அந்த பம்பு கம்பெனியில், தயாரான மோட்டாரைத் தண்ணீருக்குள் விட்டு ஓட்டிப் பார்க்கிற தொட்டி அது. பதினைந்து அடி ஆழம். தண்ணீர் கறுப்பாக, மேலே ஆயில் மினுக்கத்தோடு கிடந்தது. அவர் மாட்டியிருந்தது காத்துச் சட்டை. கடலுக்கடியில் போகிறவர்கள் போடுவது. காற்றை அடைத்தால் மேலே தூக்கும், திறந்துவிட்டால் கீழே இறக்கும்.

எல்லாம் முதலாளி மகள் லோகப்பிரியாவால் வந்த வினை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவள் கடலில் முக்குளிக்கவும் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா வெள்ளியங்கிரியின் அறுபதாம் பிறந்த நாளுக்கு அவரை லட்சத்தீவுக் கடலில் இறக்கிக் காட்டுவதாகத் திட்டம். டிக்கெட்டும் போட்டாயிற்று. அவருக்கான சட்டையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளியே செக்கிங் பிரிவு தம்பிதுரையிடம் கொடுத்தார். இருவருக்கும் தொப்பை ஒரே அளவு. அதோடு தம்பிதுரை எதையும் லேசில் பாஸ் பண்ண மாட்டார். நூறு போல்ட் வந்தால் எண்பதைத் திருப்பி அனுப்புகிற கை அது.

கம்பெனியில் ஒரு விதி. பாஸ் என்று கையெழுத்துப் போடுகிறவர் தானே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். தம்பிதுரைக்கோ நீச்சல் தெரியாது. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு இதை எப்படி வெளியே சொல்வது? போதாக்குறைக்கு, சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்ததாக கேண்டீனில் இருபத்திரண்டு வருடமாக அளந்து வந்திருக்கிறார்.

"தோள்ல இறுக்குதுங்க அம்மணி," என்றார். "இதுல காத்தடிச்சா நெஞ்சு கட்டிக்குமுங்க. ஆகாதுங்க."

சட்டைகளைக் கொச்சியிலிருந்து தருவித்த கோட்டைமேட்டு வியாபாரி முஜீப் வாயைத் திறப்பதற்குள் லோகப்பிரியா துள்ளினாள்.

"கரெக்டுங்கண்ணா. காத்தடிச்ச பொறகுதான் அளவு பாக்கோணும்னு எங்க மாஸ்டர் சொல்லுவாருங்க. புதுசாப் பழகறவங்க அதுலதான் ஏமாறுவாங்களாம்."

அப்பாடா என்று தம்பிதுரை சட்டையைக் கழற்றினார்.

அடுத்த வாரமே முஜீப் பெரிய அளவில் வேறொன்றைக் கொண்டுவந்தார். கூடவே முதலாளியின் டிரைவர் அப்புசாமியும் வந்து காதில் சொன்னார்.

"மொதலாளி சொல்லச் சொன்னாருங்க. நல்லா கறாராப் பாக்கோணுமாமுங்க."

தம்பிதுரை சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் காற்றுப் பை முதுகில் மட்டும்தான் இருந்தது.

"பாய், மேல வந்து மெதக்கறப்ப முதுகு மட்டும் தூக்குனா மூஞ்சி குப்புறப் போகாதுங்களா?"

"பழகுனவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றார் முஜீப்.

"பழகாதவங்களுக்கு?"

லோகப்பிரியா அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இத்தனை வெவரம் தெரிஞ்சவரை உட்டுப்போட்டுப் போவமுங்களா? உங்களுக்கும் டிக்கெட் போடச் சொல்லிட்டனுங்கண்ணா. கடலுக்கடியில அப்பா கையைப் புடிச்சுக்கப் போறது நீங்கதான்."

தொட்டிக்குப் பயந்தவருக்குக் கடல் கிடைத்தது. அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எண்ணிப் பார்த்தார். ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை.

மூன்றாவது சட்டையில் குறையே இல்லை. முக்கால் மணி நேரம் தேடினார். வார் வழுக்கவில்லை, தோள் இறுக்கவில்லை, பை நெஞ்சையும் முதுகையும் சேர்த்துத் தாங்கியது. ஏற்றுகிற பொத்தானும் இறக்குகிற பொத்தானும் கைக்கு வாகாக இருந்தன. தம்பிதுரைக்கு அழுகை வந்தது.

அப்புசாமி மறுபடியும் வந்தார். "இன்னும் கறாராப் பாக்கோணுமாமுங்க. மொதலாளி மூஞ்சியே செரியில்லீங்க."

தம்பிதுரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதுவரை தண்ணீரில் காலே வைக்காத சங்கதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் இறங்காவிட்டால் வேலை போய்விடும். மகளுக்கு அடுத்த தையில்தான் கல்யாணம் வைத்திருந்தார்.

முதுகில் சிலிண்டரை ஏற்றி, மூச்சுக் குழாயைப் பல்லால் கவ்வி, மருதமலை முருகனிடம் மொட்டை நேர்ந்துகொண்டு, கண்ணை மூடித் தொட்டியில் விழுந்தார்.

விழுந்த வேகத்தில் தப்பான பொத்தானை அமுக்கிவிட்டார். புஸ்ஸென்று காற்று போனது. கீழே போனார். காது அடைத்தது. கறுப்புத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் சொன்ன பொய்க்கு இதுதான் கூலி என்று தோன்றியது. செத்தோம் என்றே நினைத்தார்.

கூடவே குதித்திருந்த லோகப்பிரியா எட்டி அடுத்த பொத்தானை அமுக்கினாள். சட்டை உப்பியது. அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதுபோல் மெதுவாக மேலே கொண்டுவந்து, முகத்தை வானத்தைப் பார்க்க வைத்து நிறுத்தியது. தம்பிதுரை காலை ஆட்டிப் பார்த்தார். மூழ்கவில்லை. கையை விரித்துப் பார்த்தார். அப்போதும் மூழ்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தார். கரையேறச் சொன்னபோது இன்னும் ஐந்து நிமிடம் கேட்டார்.

சொட்டச் சொட்ட வந்து, தாளில் பாஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்குப் போன் போட லோகப்பிரியா ஆபீசுக்கு ஓடினாள்.

"அப்புசாமி, மொதலாளிகிட்டச் சொல்லிருங்க. பச்சைக் கொழந்தைகூட இதைப் போட்டுட்டுப் பயமில்லாம எறங்கலாமுங்க."

அப்புசாமி அந்தக் கையெழுத்தையே பார்த்தபடி தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. மொதலாளிக்கு நீச்சலே தெரியாதுங்க. நீங்க எந்தச் சட்டையவும் ஆகாதுன்னு திருப்பி அனுப்பிருவீங்கன்னு நம்பித்தானுங்க, புள்ளைகிட்ட வாரேன்னே சொன்னாரு."