மகஜர் அண்ணையின் முதல் கையெழுத்து

1987 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். குளியலறை வரிசை நீள்வதற்கு முன் சவரம் செய்து முகம் கழுவினேன். போர்வையை மடித்து வைத்தேன். முந்திய நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். பாணுக்கு மார்ஜரின் பூசித் தேநீருடன் சாப்பிட்டுவிட்டு, உணவுப் பொதி வாங்கும் வரிசையில் போய் நின்றேன். கெல்சென்கிர்ச்சன் அகதி விடுதியில் என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். அந்த வெள்ளி மட்டும் வேறு மாதிரி முடிந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் மகஜர் அண்ணைதான்.

அந்த நாட்களில் ஜெர்மனிக்கு வந்த தமிழர்களில் பயமே இல்லாத ஒரே மனிதர் அவர். அவர் படவேண்டிய பயத்தையும் சேர்த்து நாங்கள் பட்டோம். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி, கக்கத்தில் எப்போதும் ஓர் எழுதும் அட்டை. நாலு பேர் கூடி நின்றால் நமக்கு அவர்கள் நாலு மனிதர்கள். அவருக்கு நாலு கையெழுத்துகள். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு கோடையில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரில் அவரைத் தூரத்தில் கண்டேன். அத்தனை ஆயிரம் சனத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். கக்கத்தில் அட்டை இருந்ததை நான் பார்த்தேன்.

விடுதிக்கு வந்த முதல் வாரமே, உருளைக்கிழங்கைக் குறைத்து அரிசி தரும்படி ஒரு மகஜர், அதாவது பலர் கையெழுத்து வைக்கும் மனு, எழுதினார். கீழ்த்தளத்தில் இருந்த போலந்துக்காரர்களும் அதில் கையெழுத்து வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு என்றால் அவர்களுக்கு உயிர்.

"என்ன சொல்லி அண்ணை வாங்கினனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. பேனையை நீட்டினன். வாங்கிப் போட்டாங்கள்."

அரிசியும் வந்தது. பாலில் போட்டு இனிப்பாகக் காய்ச்சுகிற குட்டை அரிசி. பசை மாதிரிக் குழைந்த அந்தச் சோற்றில் மீன்குழம்பை ஊற்றி நாங்கள் அழாக்குறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் விடுதிப் பொறுப்பாளருக்கு நன்றி மகஜர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஊரிலும் இப்படித்தானாம். கள்ளுத் தவறணை வேண்டும் என்று ஒரு மகஜர். தவறணை வந்த பிறகு, சத்தம் தாங்க முடியவில்லை, அதை எடுங்கள் என்று இன்னொரு மகஜர். இரண்டையும் எழுதியவர் இவர். இரண்டிலும் கையெழுத்து வைத்தவர்கள் அதே ஆட்கள்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. பென்சில் ஆகாது. இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட வேண்டும். முதல் கையெழுத்து எப்போதும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். பெயருக்குக் கீழே 'முன்னாள் கிராமச் சபைச் செயலாளர்' என்று வேறு எழுதுவார். என் அறையில் இருந்த தவம் இதைப் பார்த்தாலே எரிச்சல்படுவான்.

"பேருக்கு அலையுற மனிசன் மச்சான். கலியாண வீட்டுப் படத்திலையும் நடுவிலைதான் நிப்பார்."

இனி வெள்ளிக்கிழமை வரிசைக்கு வருகிறேன்.

வாராவாரம் பொதி வாங்கும்போது கையெழுத்து வைப்பது எங்களுக்குப் பழக்கம். ஆகவே அந்த வரிசையில் யார் எதை நீட்டினாலும் கை தானாகவே போகும். அன்று மகஜர் அண்ணை தன் அட்டையுடன் வரிசையின் தலையிலிருந்து வால் வரை நடந்து வந்தார். அட்டையில் ஜெர்மன் மொழியில் அச்சடித்த தாள்கள். மேலே பச்சை நிறத்தில் ஓர் இலை. விரல் விரித்த கை மாதிரி இருந்தது.

"என்ன அண்ணை உது?" என்று எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார்.

"மகஜர்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மரவள்ளி எல்லோ! அரிசி மாதிரி இதையும் கேக்கிறார் போல."

மரவள்ளி என்ற சொல் வரிசையில் தீ மாதிரிப் பரவியது. மாதக்கணக்கில் உருளைக்கிழங்கு தின்ற வாய்கள். பொதி வாங்கிக்கொண்டு போனவர்கள்கூடத் திரும்பி வந்து கையெழுத்து வைத்தார்கள். கொக்குவில் அக்கா என்று நாங்கள் அழைத்த பெண் தன் முறை வந்ததும் சொன்னார்: "அண்ணை, தேங்காயும் சேர்த்து எழுதுங்கோ. தேங்காய்ப் பால் இல்லாமல் என்னண்டு சமைக்கிறது?"

"அது அடுத்த மகஜர் பிள்ளை. இப்ப இதிலை போடும்."

நானும் போட்டேன். முழுப் பெயர், தகப்பன் பெயர், விடுதி விலாசம், அறை இலக்கம். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

தவம் அப்போது வரிசையில் இல்லை. எங்களில் ஜெர்மன் வகுப்புக்குப் போனவன் அவன் ஒருவன்தான். மத்தியானம் வகுப்பு முடிந்து வந்தவன், படியில் தடதடவென்று ஏறி வந்து கதவைப் பூட்டினான். கையில் ஒரு துண்டுப் பிரசுரம். அதே இலை.

"மச்சான், நீயும் போட்டனியோ?"

"ஓம். ஏன்?"

"இது என்ன இலை, சொல்லு பாப்பம்?"

"மரவள்ளி."

"கஞ்சாடா! கஞ்சாவைச் சட்டப்படி விடலாமோ எண்டு சனத்திட்டை வாக்கெடுப்பு வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிறாங்கள். கடைத்தெருவிலை படிக்கிற பெடியள் மேசை போட்டு நிக்கிறாங்கள்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை எனக்குத் தெர்மின், அகதி விசாரணைக்குக் குறித்த தவணை. ஓர் அதிகாரிக்கு முன்னால் இருந்து, ஊருக்குத் திரும்பினால் என் உயிருக்கு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டும். அவர் நம்பினால் இங்கே இருக்கலாம்; ஷெல் விழும் இடத்திலிருந்து மனைவியையும் கைக்குழந்தையையும் ஒருநாள் கூப்பிடலாம். நம்பாவிட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப்பட்டவரின் மேசைக்கு, கஞ்சா இலைக்குக் கீழே, அறை இலக்கத்துடன் என் பெயர் போய்ச் சேரப்போகிறது. தமிழன் என்றாலே போதைப்பொருள் என்று சிலர் பேசத் தொடங்கியிருந்த காலம் வேறு.

செய்தி விடுதி முழுவதும் பரவச் சிறிது நேரம்தான் ஆனது. கொக்குவில் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு நடையில் நின்றார். "ஐயோ, நான் மரவள்ளிக்கெல்லோ போட்டனான்! கேட்டால் அப்பிடிச் சொல்லலாந்தானே?" யாரோ எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்து மூடினார்கள். ஒருவர், ஊரிலிருந்து தாய் காயவைத்து அனுப்பிய முருங்கையிலையைப் பொலிஸ் பார்த்தால் என்ன நினைக்கும் என்று பயந்து, முழுவதையும் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது. நீர் நடைக்கு வந்தது. சற்று நேரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகப் பலமாகத் தட்டப்பட்டன. தவம் முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். தட்டியவர் அடைப்பெடுக்கும் கம்பியுடன் வந்த விடுதிப் பொறுப்பாளர்.

மகஜர் அண்ணை தன் அறையில் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கஞ்சாவுக்கோ கையெழுத்து வாங்கினனீங்கள்?"

"ஓம்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை? தேங்காய் எல்லோ கேட்டவை."

"நீங்கள் சுருட்டுக்கூடப் பத்தாத ஆள்!"

"கஞ்சா வேணுமெண்டு நான் எங்கை சொன்னனான்? வேணுமோ வேண்டாமோ எண்டு சனத்தைக் கேளுங்கோ எண்டு அந்தப் பிள்ளை கேக்குது. சனத்தைக் கேக்கச் சொல்லிக் கேக்கிறதிலை என்ன பிழை தம்பி? எங்களை ஊரிலை ஒருத்தனும் கேக்கேல்லை."

அந்தப் பிள்ளை என்றது உல்றிக்கே என்ற மாணவியை. முதல்நாள் மழையில் அவள் மேசை போட்டு நிற்பதை இவர் பார்த்திருக்கிறார். "பென்சிலாலை வாங்கிறாள் தம்பி! தாள் நனைஞ்சு தொங்குது. ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது." உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டார். மேசையைக் கடை வாசல் கூரைக்குக் கீழே நகர்த்த வைத்தார். பேனையை நூலில் கட்டித் தொங்கவிட்டார். வறுத்த உருளைக்கிழங்கு விற்கும் கடையின் வரிசைக்கு அவளை அனுப்பினார். வரிசையில் நிற்பவனுக்கு வேறு வேலை இல்லை என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. அதே உண்மையை வெள்ளிக்கிழமை எங்கள் மீதும் பிரயோகித்திருக்கிறார்.

"தாள் இப்ப எங்கை அண்ணை?"

"மத்தியானமே அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டன். நல்லாச் சந்தோசப்பட்டுது."

சனிக்கிழமை காலை மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். எப்படியாவது தாளை வாங்கிப் பெயர்களை அழித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். தவம் மொழிபெயர்ப்பதற்காக வந்தான். மகஜர் அண்ணை, பக்கங்களுக்கு இலக்கம் போட மறந்துவிட்டாராம், அதற்காக வந்தார்.

மேசைக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தார். பச்சைச் சீருடை, நல்ல உயரம். எங்கள் தாள்கள் அவர் கையில் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். தவம் என் பக்கத்தில்தான் நின்றான்; திரும்பிப் பார்த்தால் பூக்கடை வாளிகளுக்குப் பின்னால் இருந்தான்.

பொலிஸ்காரர் தமிழ்க் கையெழுத்துகளை விரலால் காட்டி உல்றிக்கேயிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் சிவந்தது. பிறகு மகஜர் அண்ணையைக் கண்டு ஆங்கிலத்தில் வருத்தத்துடன் விளக்கினாள். ஜெர்மன் குடிமக்கள் வைத்தால்தான் கையெழுத்து கணக்கில் வரும். எங்களுடையவை செல்லா. தானும் இதைக் கவனிக்கவில்லை. சொல்லிக்கொண்டே ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, எங்கள் பெயர்களைக் குறுக்கே கோடு போட்டு வெட்டத் தொடங்கினாள்.

ஒருவர் என்னைச் செல்லாதவன் என்று சொல்ல, நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று மட்டும்தான். என் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு விழுந்தபோது அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பூ வாளிகளுக்குப் பின்னாலிருந்து தவத்தின் தலை மெல்ல எழும்பியது.

அப்போதுதான் மகஜர் அண்ணை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏன் செல்லாது?" என்று தமிழிலேயே தொடங்கி, பிறகு கிராமச் சபைக் கந்தோரில் பழகிய ஆங்கிலத்துக்கு மாறினார். ஒவ்வொன்றும் சொந்தக் கையால் வைத்தது, நீல மையில் வைத்தது, ஓரம் விட்டு வைத்தது, வெட்டக்கூடாது என்று பொலிஸ்காரருக்கு விளக்கினார். நான் அவருடைய கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"அண்ணை, விடுங்கோ. வெட்டட்டும்."

"நீர் சும்மா இரும் தம்பி."

பொலிஸ்காரரின் முகம் மாறியது. இந்தத் தாள்களில் கையெழுத்து வாங்கியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உல்றிக்கே சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். பொலிஸ்காரரின் பார்வை மகஜர் அண்ணையைத் தாண்டி என் மீது வந்து நின்றது. திங்கட்கிழமை, தெர்மின், விமானம் எல்லாம் ஒன்றாக வந்து போயின.

மகஜர் அண்ணை ஓர் அடி வைத்து எனக்கும் பொலிஸ்காரருக்கும் நடுவில் வந்தார். தாளில் முதல் பெயரைத் தொட்டுக் காட்டி, அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டார். மற்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, தான் கேட்டதால் வைத்தார்கள் என்றார். கேட்காமலே தன் அகதி அட்டையை எடுத்து நீட்டினார். பொலிஸ்காரர் அவர் பெயரை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை காலை நிலையத்துக்கு வரச் சொன்னார். எங்கள் பெயர் எதையும் கேட்கவில்லை.

திரும்பும்போது தவம் வெடித்துவிட்டான். "வெட்டினதோடை முடிஞ்சுதெல்லோ! உங்களை ஆர் தட்டச் சொன்னது? ஏன் அண்ணை முன்னுக்குப் போறியள்?"

அவர் தெருமுனையில் நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

"தட்டினது பிழைதான். வெட்டுறதைக் கண்டவுடனை பொறுக்க ஏலாமல் போச்சு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஊரிலை ஒருக்கா, ஆமி பிடிச்சுக்கொண்டு போன பெடியளை விடச் சொல்லி மகஜர் எழுதினனான். மரியாதைக்கு எண்டு வாத்தியாரை முதல் போட வைச்சன். விசாரிக்க வந்தவங்கள் கீழை இருக்கிற பேர் ஒண்டையும் பாக்கேல்லைத் தம்பி. முதல் பேரைத்தான் கேட்டாங்கள்."

"வாத்தியார்?"

"கொண்டு போனாங்கள். திரும்பி வரேல்லை."

சற்று நடந்த பிறகு சொன்னார்: "அண்டைக்குப் பிறகு முதல் இடத்தை நான் ஒருத்தருக்கும் விடுறேல்லை."

தவம் அவருடைய எழுதும் அட்டையை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் நான் சவரம் செய்யவில்லை, குறிப்பும் எழுதவில்லை. பொலிஸ் நிலையத்தில் கொடுப்பதற்கென்று வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, இடப்பக்கம் இரண்டு விரல் வைத்து ஓரக்கோடு போட்டேன். தவத்தை எழுப்பி, 'இந்த மனிதரை எங்களுக்குத் தெரியும், இவர் நல்லவர்' என்பதை ஜெர்மன் மொழியில் சொல்லச் சொல்லி எழுதினேன். அதற்குக் கீழே, முதல் இடத்தில், என் பெயரை அறை இலக்கத்துடன் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு, ஓரம் போதுமா என்று கேட்க மகஜர் அண்ணையின் கதவைத் தட்டினேன்.