நாற்பத்தொரு ரூபாய்ப் பூசணிக்காய்

உலகத்தில் பாரபட்சம் பார்க்காதவை இரண்டே இரண்டு. ஒன்று சூரியன். மற்றது பாளையங்கோட்டை தாமிரவருணி சர்வஜன சகாய நிதி. சூரியனாவது ஐப்பசி மாதத்தில் கொஞ்சம் முகம் மறைத்துக்கொள்ளும். நிதி, 1913-ஆம் வருஷம் வரை, ஒரு நாள்கூட முகம் மறைத்ததில்லை. கடன் கேட்டு வந்த ஏழை எளியவர்கள் அத்தனை பேரையும் நேருக்கு நேர் பார்த்தே ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறது.

பணம் உள்ளவனுக்குத்தான் கடன் என்பது நிதியின் உயரிய கொள்கை. டைரக்டர்கள் ஐவரும் பணம் உள்ளவர்கள். ஆகவே ஜனங்கள் போட்ட டிபாசிட் முழுவதும் அந்த ஐவருக்கே கடனாகப் போய், அவரவர் வீட்டில் மிகப் பத்திரமாக இருந்தது.

இப்பேர்ப்பட்ட சந்நிதானத்துக்குத்தான் தச்சநல்லூர் கருப்பட்டித் தரகர் ஞானையா, இஸ்திரி போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றார். அவர் குடியிருந்த வாடகை வீட்டை, அதன் சொந்தக்காரி ஆசியா உம்மாள் முந்நூறு ரூபாய்க்கு விற்கப்போகிறாள். மாசக் கடைசிக்குள் ஞானையா வாங்காவிட்டால் ஓர் எண்ணெய் வியாபாரி வாங்கி, இடித்து, சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டிவிடுவார். கையில் நூறு இருந்தது. அந்த வீட்டையே ஈடு வைத்து இருநூறு கேட்கவே ஞானையா வந்திருந்தார்.

தலைவர் அப்பாத்துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்.

“நீரு திவாலாகி மஞ்சக் கடுதாசி குடுத்தவருதானவே?”

“ஆமாய்யா. அஞ்சு வருஷத்துக்கு முந்தி. குடைக் கடை வச்சேன். வச்ச நாள்லேருந்து ரெண்டு வருஷம் மழையில்ல.”

“கோர்ட்டுல?”

“ரூவாய்க்கு ஆறணான்னு ராசியாச்சு.”

“மிச்சம் பத்தணா?”

ஞானையா கொஞ்சம் கூச்சப்பட்டார். “அதையும் பையப் பையக் குடுத்து முடிச்சிட்டேன்யா.”

காரியதரிசி பாக்கியசீலன் கையிலிருந்த பேனா நின்றது.

“யாரு கேட்டா?” என்றார் தலைவர்.

“யாரும் கேக்கல.”

“யாரும் கேக்காம குடுத்தீரா! சர்க்கார் சட்டமே வேண்டாம்னு சொன்ன பணத்தை நீரு குடுக்கீருன்னா, உமக்குச் சட்டத்து மேல மரியாதை இல்லன்னுதானவே அர்த்தம்?”

“குடுக்காம இருந்திருந்தா?”

“நாணயம் இல்லன்னு எழுதியிருப்போம். அது சுலபம். இத எப்படி எழுதுறது? சொல்லும் பாக்கியசீலன்.”

பாக்கியசீலன் ஆழ்ந்து யோசித்து, “சட்டத்துக்குப் புறம்பான நாணயம்” என்று எழுதினார். டைரக்டர்கள் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

ஆனாலும் பாரபட்சம் இல்லாத நிதி அல்லவா? ஞானையாவுக்கு ஒரு சந்தர்ப்பம் தந்தது.

“ஞாயித்துக்கிழம ஸ்தோத்திரப் பண்டிகை. ஏலத்துல உம்ம கை எப்படின்னு பாத்துட்டு முடிவு சொல்லுதோம்” என்றார் தலைவர்.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது விளங்கும். ஸ்தோத்திரப் பண்டிகையில் அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஓரணாக் கத்தரிக்காயை ஒரு ரூபாய்க்கு எடுப்பவன் பக்திமான். இரண்டு ரூபாய்க்கு எடுப்பவனுக்குப் பெண் கொடுக்கலாம். ஒருவனுடைய ஆஸ்தியை அளக்க இதைவிடச் சிறந்த தராசு லண்டனில்கூட இல்லை.

ஞானையாவின் மனைவி சாரம்மாள், வீட்டுப் புறவாசலில் விளைந்த பூசணிக்காயைத்தான் காணிக்கையாக வைத்திருந்தாள்.

“ஏங்க, நம்ம காய நாமளே ஏலத்துல எடுக்கணுமா?”

“எடுக்காட்டி வீடு போயிரும்ளா.”

“அஞ்சு ரூவாய்க்கு மேல ஒத்தக் காசு கூட்டினீங்க, வீடு இருந்தாலும் நான் இருக்க மாட்டேன், ஆமா.”

ஞாயிற்றுக்கிழமை, ஏலம் விட்ட கோயில் உபதேசியார் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்தார். ஞானையா ஒன்று என்றார். கூட்டத்திலிருந்து இரண்டு என்றது ஒரு குரல். தலைவர் அப்பாத்துரையின் குரல்! நிதியின் பெட்டியில் காற்றுதான் இருக்கிறது என்று யாரோ புரளி கிளப்பிவிட்டிருந்தார்கள். டிபாசிட் போட்டவர்களெல்லாம் பாயில் வரிசையாக உட்கார்ந்து தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன செய்வார், பாவம்.

மூன்று. நான்கு. ஐந்து என்றார் ஞானையா. தலைவர் ஆறு. பெண்கள் பக்கத்திலிருந்து சாரம்மாள் கண்ணை உருட்டினாள். ஞானையாவுக்குக் குடைக் கடையும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“ஆறு ரூவா, ஒரு தரம்...” என்றார் உபதேசியார்.

“பத்து!” என்றார் தலைவர்.

“ஐயா, ஆறும் நீங்க கேட்டதுதான்.”

“இருக்கட்டும்வே. இருவது!”

எதிராளி இல்லாத யுத்தத்தில் வீரன் ஒருவன் தனக்குத் தானே சவால் விட்டு முன்னேறும் காட்சியை அன்று பாளையங்கோட்டை கண்டது. நாற்பத்தொரு ரூபாயில் ஜெயம் கிட்டியது. கைதட்டல் அடங்கியதும் தலைவர், “எழுதிக்கிடும் உபதேசியாரே. நாளைக்குத் தாரேன்” என்றார்.

“நாளைக்கா?” என்று பாயில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞானையா பைய எழுந்து போய், காணிக்கைத் தட்டில் ஐந்து ரூபாய் போட்டார்.

“உமக்குக் காய் கிடைக்கலியே?”

“அஞ்சுன்னு வாயால சொல்லிட்டேனே, உபதேசியாரே.”

மறுநாள் நிதியின் தீர்மானம் வந்தது: ‘மனுதாரர் ஏலத்தில் பின்வாங்கினார். பின்வாங்கிய பின்பும் பணம் கட்டினார். பழைய வியாதி முற்றியிருக்கிறது. கடன் இல்லை.’

ஞானையா சாவியைக் கொடுக்க ஆசியா உம்மாள் வீட்டுக்குப் போனார். நடந்ததையெல்லாம் சொல்லி, சாவியை நீட்டினார்.

“சாவிய மடியில வைங்க” என்றாள் உம்மாள். “யாரும் கேக்காத கடனக் குடுத்தீங்க. கிடைக்காத காய்க்கும் பணம் குடுத்தீங்க. குடியிருக்கிற வீட்டுக்கா குடுக்க மாட்டீங்க? நூறு இப்பத் தாங்க. மிச்சத்த மாசாமாசம் தாங்க. வட்டி நமக்கு ஆகாது.”

இப்படியாக, ஞானையாவை வட்டிக் கடனிலிருந்து காத்த பெருமையும் நிதியையே சேர்ந்தது.

இரண்டு வாரத்தில் டிபாசிட்காரர்கள் திரண்டு வந்து பணம் கேட்டார்கள். நிதி முகம் மறைத்தது. ஒருநாள் சாயங்காலம் தலைவர் அப்பாத்துரை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஞானையா வீட்டு வாசலில் நின்றார்.

“உமக்குத்தான்வே அனுபவம் உண்டு. எனக்கும் ஒரு மஞ்சக் கடுதாசி எழுதித் தாரும். ரூவாய்க்கு ரெண்டணான்னு போடும்.”

சாரம்மாள் உள்ளேயிருந்து முறைத்தாள். ஆனாலும் ஞானையா அவரை உட்காரவைத்து, காப்பி கொடுக்கச் சொன்னார். அந்தக் கூச்சம் அவருக்குத் தெரியும். கடன் கொடுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

“அவ்வளவுதான்வே.”

“இல்லையே ஐயா, ஒருத்தரு விட்டுப்போச்சு.”

“யாரு?”

ஞானையா கடைசியில் எழுதிக் காட்டினார்: ‘கர்த்தர். பூசணிக்காய் வகையில், ரூ. 41.’

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதைப் படித்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

“அவருக்கும் ரெண்டணாதானவே?”

நிதிக்குப் பாரபட்சம் கிடையாது என்று முதலிலேயே சொன்னோமே!